அண்ணனின் குரல்

பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து பதினோரு வருஷமாக அண்ணன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசுகிறார். அவர் தட்டச்சு செய்வதை ஒரு மென்பொருள் கரகரத்த குரலில் வாசிக்கும். போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுவிட்டது.

புதிது வாங்கினேன். பழைய மென்பொருள் அதில் திறக்கவே மாட்டேன் என்றது. வேறொரு புதிய மென்பொருளைப் போட்டேன். செய்தி வாசிப்பவர் மாதிரி கணீரென்று பேசியது. அண்ணன் வேண்டாமென்று தலையாட்டினார்.

"ஏண்ணா, நல்லாத்தானே இருக்கு?"

இடது கையால் காகிதத்தில் எழுதிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நான் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. மறுபடி உட்கார்ந்து, பழைய மென்பொருளைப் பழைய இயங்குதளத்தில் ஓடுவதுபோல் இயக்கும் வசதியைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொரு பதிப்பாக மாற்றிப் பார்த்ததில், நாலாவதில் திறந்துகொண்டது.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டினார். "இவளுக்கு யாராவது ஒரு காபி கொடுங்க" என்றது அந்தக் கரகரத்த குரல்.

பிறந்ததிலிருந்து அப்பாவை அந்தக் குரலில் மட்டுமே கேட்டிருந்த அண்ணனின் ஒன்பது வயது மகள், பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா! மூணு நாளா எங்க போயிருந்தீங்க?"

அண்ணன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பதிலைத் தட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.