நீல டிக்

ஷார்ஜாவின் முவைலாவில் அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சமாதானம் என்பதெல்லாம் அருணாவுக்குத் தெரியும். தெரிந்ததை வயிற்றிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? அதற்காகத்தான் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப், அட்மின் அவளே. அவள் சேதி கொண்டுவருவாள், எதிர்வீட்டுத் தாமரை அதைத் தாளித்து இறக்குவாள்.

தாமரை திடீரென்று செத்துப்போய் மூன்று மாதம். எண் மட்டும் குரூப்பில் அப்படியே இருந்தது. எல்லோர் போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தானே இரண்டாவது டிக் விழும், எல்லோரும் படித்தால்தானே அது நீலமாகும்? அவள் போன் அணைந்து கிடந்ததால், யார் எதைப் போட்டாலும் ஒற்றை டிக்கோடு நின்றது.

"அந்த நம்பரை எடுத்துடுங்கக்கா, பார்த்தாலே பயமா இருக்கு" என்று மேல்வீட்டு விஜி நச்சரித்தாள்.

"பெருநாள் டிரிப் முடியட்டும்டி."

எடுத்துவிட்டால் தாமரை நிஜமாகவே போய்விடுவாள். அருணாவுக்கு அதுதான் பயம்.

அந்த டிரிப்பே தாமரை போட்ட திட்டம். துருக்கி, அன்தால்யா, மத்தியதரைக் கடல். "நம்ம ஊர் கார்னிஷ் கடற்கரைத் தண்ணி மாதிரி இல்லையாம்டி, அது வேற நீலமாம்" என்பாள். நாலு குடும்பம், ஒரு வேன். துக்கத்தில் இருக்கும் தாமரையின் கணவர் சேதுமாதவன் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகள் தன்யாவோடு வந்து நின்றார்.

அன்தால்யா போய்ச் சேர்ந்த மறுநாள் மலைச்சரிவில் ஓர் ஆரஞ்சுத் தோப்பு. கீழே கடல். சேதுமாதவன் ஒரு பழத்தை உரித்துச் சங்கீதாவிடம் நீட்டினார். இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த டீச்சர், தனி ஆள். அருணாவின் கை சும்மா இருக்குமா? படமெடுத்துக் குரூப்பில் போட்டாள்: "மாப்பிள்ளை பழம் உரிக்கிறார்!" நல்லவேளை, சங்கீதாவை இன்னும் குரூப்பில் சேர்க்கவில்லை.

ஒற்றை டிக்.

வேன் கிளம்பியபோது எடுத்துப் பார்த்தாள். இரண்டு டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின.

அருணா எட்டி முன்சீட்டுத் தன்யாவைத் தொட்டாள். "கண்ணு, அம்மா போன் உங்கிட்டயா இருக்கு?"

"நோ ஆன்ட்டி. ஷார்ஜால, அப்பா லாக்கர்ல. சிம்மைக்கூட கழட்டிட்டாங்க. ஏன்?"

"சும்மாதான்."

பக்கத்தில் விஜியும் அந்த நீல டிக்கைப் பார்த்துவிட்டாள். "அக்கா, எடுத்துடுங்க. இப்பவே."

அருணா தாமரையின் பெயரை அழுத்தினாள். நீக்கு என்ற வரி வந்தது. விரல் அதன்மேல் நின்றது. சன்னலுக்கு வெளியே கடல், தாமரை சொன்ன அதே வேற நீலம். வேனுக்குள் உரித்த ஆரஞ்சு வாசனை.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

தாமரை: "டீச்சரா? அவ சாம்பார்ல உப்பு இருக்காதேடி."

"அய்யோ அக்கா!" என்று விஜி அவள் கையைப் பிடித்தாள்.

அருணா மெல்ல அந்தக் கையை விலக்கினாள். மூன்று மாதமாக எத்தனை சேதி சேர்ந்து கிடக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாமரைக்கு மட்டும் தனியாகத் தட்டினாள்:

"புளியும் இல்லடி. கேளு..."

அனுப்பியதுமே நீலமாயிற்று.