குறைந்துபோன ‘ங்க’

கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனியின் கணினியும் திண்டுக்கல் அட்டைப்பெட்டி கம்பெனியின் கணினியும் திங்கட்கிழமையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. ஆர்டர் வந்து சேர்ந்ததற்குத் திண்டுக்கல் கணினி ‘கிடைத்தது’ என்று பதில் போட்டிருந்தது. ‘கிடைத்ததுங்க’ என்று போடவில்லை. கோவைக் கணினி மனம் நொந்து, அதன்பின் எந்த ஆர்டரையும் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை அறுநூறு பம்புகள் கப்பலுக்குப் போயாக வேண்டும். பெட்டி இல்லாமல் ஒன்றும் போகாது. மேலாளர், கொள்முதல் பார்க்கும் பூங்கோதையைக் கூப்பிட்டு, “நேர்ல போய்ச் சமாதானம் பண்ணிட்டு வந்துருங்க” என்றார். புதன்கிழமை காலை அவள் பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் அவளுக்குக் கவலைதான். கணினியை நினைத்து அல்ல, ரஹமத்துல்லாவை நினைத்து. அங்கே பெட்டி அனுப்பும் பொறுப்பு அவருடையது. ஒன்பது வருஷம் தினமும் போனில் பேசியவர்கள். கணினிகளை இணைத்தபின் பேச வேலை இல்லாமல், ஒன்றரை வருஷமாக ஒரு ஹலோகூட இல்லை.

அவர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

“ஏனுங்க பாய், நான் எதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா? ஒரு போன்கூடக் காணமுங்களே.”

“நானும் அதைத்தாம்மா நினைச்சேன். மேடத்துக்கு இனி நம்மகிட்ட என்ன பேச்சுன்னு.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். டீ ஆறும்வரை அவர் மகளின் பிரசவத்தையும் இவள் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனையும் பேசி முடித்தார்கள்.

பிறகு கணினியின் முன் உட்கார்ந்தார்கள். “ரெண்டு எழுத்துதானே, போட்டுரு” என்றார் ரஹமத்துல்லா. எங்கள் ஊரில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை என்று திரை காட்டியது.

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நீங்க வேணும்னு பண்ணலீங்க, தெரியுமுங்க. அவங்க கொஞ்சம் ரோசக்காரங்க. நீங்கதானுங்க பெரிய மனசு பண்ணோணும்.”

தன்னிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை என்று காட்டிவிட்டு, கணினி ‘கிடைத்ததுங்க’ என்று அனுப்பியது. நான்கு நொடியில் கோவையிலிருந்து ஆர்டர் வந்தது. அறுநூறு பெட்டி. அதற்குக் கீழே, ‘சாப்ட்டீங்களா’ என்றும் இருந்தது.

“லாரியை நாளைக்குக் காலையிலயே விட்டுர்றேன்மா. நீங்க நிம்மதியாப் போங்க. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க” என்றார் ரஹமத்துல்லா.

திரும்பும் பஸ்ஸில் அவள் நன்றாகத் தூங்கினாள். விழித்தபோது, தாராபுரத்துக்குச் சற்று முன்னால், கோவையில் இருக்க வேண்டிய அவர்கள் கம்பெனி காம்பவுண்டு சுவரோடு பாதி வழி வந்து, சாலையோரத்தில் திண்டுக்கல்லைப் பார்த்தபடி நின்றிருந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை. அவள் கண்டக்டரிடம் சொல்லி இறங்கிக்கொண்டாள். வாட்ச்மேன் பதிவேட்டை நீட்டினார். நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.