மூன்று பிரதிகள்

"பையோட உள்ள விட மாட்டோம் சார். அந்த ரேக்ல வச்சிட்டுப் போங்க," என்றார் காவலாளி. அக்காவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. பிழைப்பாளா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அதற்கு முன் அவளைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, ஆஸ்பத்திரிக் காகிதங்களில் எங்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ரேக் என்பது கதவுக்கு வெளியே, வருகிறவன் போகிறவன் எல்லாம் கை வைக்கக்கூடிய இரும்புத் தட்டு. பூட்டாவது ஒன்றாவது! அதில் என் பையை வைப்பதாம்.

பைக்குள் லேப்டாப். நான் கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பவன். மூன்று வருடத்துக்கு முன் பஸ்ஸில் கண்ணயர்ந்த நேரத்தில் பழைய லேப்டாப்பைப் பறிகொடுத்தேன். அதில் ஒரு பெண்ணின் கல்யாணம் முழுதாக இருந்தது. கல்யாணமான மறுமாதமே அவள் அப்பா இறந்துபோயிருந்தார். "அப்பா குரல் மட்டுமாவது கிடைக்குமாண்ணா?" என்று கடை வாசலில் வந்து நின்றாள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. ஒன்று லேப்டாப்பில், மற்றவை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில். மூன்றும் கண்ணெதிரே இருந்தால்தான் எனக்கு நிம்மதி. அதனால் மூன்றும் இதே பையில்.

"மூணு சாவி செஞ்சு மூணையும் ஒரே பாக்கெட்ல போட்டுக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்டா," என்று அக்கா சிரிப்பாள். கழிப்பறைக்குக்கூடப் பையோடு போகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "உனக்குப் பொண்ணு எதுக்கு? இதையே கட்டிக்கோ."

போய்த் தொலைகிறது என்று பையை ரேக்கில் வைத்து, வாரைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனேன்.

அக்காவின் கட்டிலிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாக ரேக் தெரிந்தது. தலையில் பச்சைத் தொப்பி போட்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வெளியே நீலச் சட்டைக்காரன் ஒருவன் ரேக்கில் குனிந்தான். அவன் எடுத்தது ஹெல்மெட். அப்பாடா. அடுத்து ஒரு குண்டு அம்மாள் வந்து நின்றாள். பை அவளுக்குப் பின்னால் மறைந்துபோனது. நகரவே மாட்டேன் என்கிறாளே!

"சரிக்கா," என்றேன். "ம்... சரிக்கா."

அந்த அம்மாள் நகர்ந்தாள். பை இருந்தது.

"செய்வியாடா?" என்று அக்கா கையை இறுக்கினாள்.

"கண்டிப்பா செய்றேன்க்கா."

அவள் முகம் தெளிந்தது. அப்படியொரு தெளிவை நான் அவளிடம் பார்த்ததில்லை. நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்றாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே வந்து ஜிப்பைத் திறந்தேன். லேப்டாப் இருந்தது. ஒன்று, இரண்டு, டிஸ்க்குகளும் இருந்தன.

மாமா ஓட்டமும் நடையுமாக வந்தார். "என்னடா சொன்னா? எங்கிட்ட வாயே தொறக்கல. தம்பிகிட்டதான் சொல்லுவேன்னு ஒரே பிடிவாதம்."

அறுவை அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ஜிப்பை மூடினேன், மறுபடி திறந்தேன். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.