ஒரு காசு குறைவு

தம்பிக்குச் சட்டையின் இடது கையை மாட்டிவிட்டு, வலது கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஹாலிலிருந்து அந்த அழுகை கேட்டது. யாரென்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே அக்காவுக்கு இல்லை. அந்தக் குரலை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். குண்டூசி வந்துவிட்டான்.

"யாருடி அது, இந்த அழுகை அழறான்?" என்றாள் சித்தி. செத்தவனின் முழங்கையை வலிக்காமல் மடக்குகிறவள் போல மெதுவாகப் பிடித்திருந்தாள்.

"இவனோட கூட்டாளி. ஒண்ணா வேலை பாத்தவன்."

"பாவம்! கூடப் பொறந்தவன் மாதிரியில்ல அழறான்."

கூடப் பிறந்தவள் அழவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. பொத்தானைப் போட்டாள், ஒன்று மாறி விழுந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள்.

குண்டூசி என்பது அவனுக்கு வைத்த பட்டப்பெயர். ஒல்லிக்குச்சி உடம்பு, எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவான். அவனும் தம்பியும் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர்கள். ஒருநாள் மெஷினோடு மாடிப்படியில் உருண்டதில் தம்பிக்கு இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு இந்தக் கட்டில், இந்த ஜன்னல், அக்கா வாங்கிக்கொடுத்த ஒரு டேப்லெட். அந்த டேப்பில் ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆடுவது. காடு, கடல், சுரங்கம் என்று அதற்குள் ஒரு பெரிய ஊரே இருந்தது. எல்லாரும் அங்கே போய் எதையாவது வெட்டினார்கள், தோண்டினார்கள், பேயோடு சண்டை போட்டார்கள். தம்பி மட்டும் சுரங்கத்து வாசலில் ஒரு கடை போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அங்கயாவது உனக்குக் கால் நல்லாத்தானேடா இருக்கு? ஊர் சுத்திட்டு வாயேன்" என்று அவள் கிண்டலடித்திருக்கிறாள்.

"எல்லாரும் சுத்தப் போயிட்டா கடையில யாருக்கா உக்காருறது?"

விளக்கு, கயிறு, பாறையில் அடிக்கிற ஆணி. சுரங்கத்துக்குள் போகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அவனிடம் இருந்தது. விலை சரியும்போது வாங்கிக் கிடங்கில் அடுக்குவான். கூட்டம் வரும்போது எடுத்து விற்பான். அக்கா மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அவளுக்கு இது புரிய எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் அவள் வந்ததும் இரண்டு பேரும் இரண்டு கடைக்காரர்களாக உட்கார்ந்து விலை பேசுவார்கள். அவளுடைய வீட்டுக்காரர்கூட, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு டீ கிடைக்க நான் எத்தனை காசு குடுக்கணும்?" என்பார். படுத்த படுக்கையாகக் கிடந்தவனை யார் யாரோ எங்கிருந்தோ 'முதலாளி, விளக்கு வந்திருச்சா?' என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

போன மழைக்கு நெஞ்சில் சளி கட்டி அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும்போது கிடங்குச் சாவியைக் குண்டூசிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஆட்டத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே தம்பிதான். "நான் வர்ற வரைக்கும் கடைய மூடாம பாத்துக்கடா" என்றான். இதைக் கேட்டு, "நீ நிம்மதியா போயிட்டு வா மச்சான்" என்றவன்தான் இப்போது ஹாலில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தம்பி முதலில் டேப்பைத்தான் கேட்டான். கிடங்குக்குள் போனான். முதல் பெட்டி காலி. அடுத்ததும் காலி. அதிலேயே விஷயம் தெரிந்துபோயிற்று. ஆனாலும் வரிசையில் இருந்த ஒவ்வொரு பெட்டியாகப் போய்த் திறந்து திறந்து மூடினான். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்துத் தெருவுக்கு வந்தால் எதிரே புதுசாக ஒரு கடை. அதே விளக்கு, அதே கயிறு, அதே ஆணி. கடைக்காரன் குண்டூசி.

"டிவியப் போடுக்கா" என்றான் தம்பி.

விளையாட்டுதானே என்று சொல்லிவிடலாம். சித்திகூட அதைப் பொம்மைக்கடை என்றுதான் சொல்வாள். தம்பிக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதைத்தான் சுருட்டினான் பாவி. அதன் பிறகு தம்பியைப் பார்க்க ஒருநாள் வந்தானா? ஒரு ஃபோன்? கம்பி நீட்டியவன், செத்த சேதி கேட்டு இன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றி இந்த வீட்டுக்குள் நுழைகிறான்.

தம்பி மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தான். முடியவில்லை. எதிர்க்கடையில் எல்லாம் எப்போதும் ஒரு காசு குறைவு. அந்த ஆட்டத்தில் அப்படி ஒரு வசதி உண்டு: எதிர்க்கடைப் பலகையில் என்ன விலை இருக்கிறதோ, அதற்கு ஒரு காசு கீழே நம் பலகை தானாகவே இறங்கிக்கொள்ளும். தம்பி யோசித்து ஒரு விலை போடுவான். குண்டூசி அங்கே தூங்கிக்கொண்டிருந்தாலும் அவன் பலகை ஒரு காசு குறைத்துக்கொள்ளும். வாங்க வருகிறவன் எங்கே போவான்?

ஒருநாள் தம்பி சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"அக்கா, இந்த லூசு அடிவிலை போடலக்கா."

"அப்படின்னா?"

"இதுக்குக் கீழ இறங்காதேன்னு ஒண்ணு போட்டு வைக்கணும். போடாம விட்டிருக்கான். நான் ஒரு காசுன்னு எழுதினா, அவன் கடை அதுல ஒரு காசு குறைக்கும். எல்லாத்தையும் சும்மா தூக்கிக் குடுத்துரும்."

"எழுதுடா அப்ப! இப்பவே எழுது!"

"போக்கா. என் விளக்க நானே ஒரு காசுக்கு வித்தா நாளைக்கு எவன் என்னை முதலாளிம்பான்?"

மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அவள் அவனோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது தலையை வாரிவிட்டு, சீப்பைக் கழுவப் பின்பக்கம் போனாள். பால்கனிக் கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே குண்டூசி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். ஹாலில் கேட்ட அழுகையின் சுவடே குரலில் இல்லை.

"ஆமா சார், கடைய இன்னிக்கு சாயங்காலமே கைமாத்திடலாம். கிடங்கு ஃபுல்லா சரக்கு இருக்கு சார், நீங்க வந்து எண்ணிப் பாத்துட்டே பணத்தப் போடுங்க... எதிர்க்கடையா? அது இனிமே தொல்லையே இல்ல சார். அந்தாளு போய்ட்டான். இங்க ஒரு சாவு, முடிச்சிட்டு வந்துடறேன்."

'இனிமே தொல்லையே இல்ல.' ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டால் என்ன? விடலாம். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி நாலு பேர் அவளைத்தான் பிடித்து உள்ளே கூட்டிப்போவார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலம் கடையை விற்ற நிஜப் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "அஞ்சு நிமிஷம் அவன்கூட இருந்துட்டு வந்துடறேன் சித்தி" என்றதும் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தலையணைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். சுரங்கத்து வாசலில் ஜேஜே என்று கூட்டம். தம்பியின் கடையில் கொஞ்சம் விளக்கும் சில கயிறும்தான் மிச்சம். ஒவ்வொரு பலகையாகத் தொட்டாள். பழைய விலையை அழித்தாள். ஒன்று. ஒன்று. ஒன்று. தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஓர் அறிவிப்பும் எழுதி வைத்தாள்: 'இன்றோடு கடை மூடப்படுகிறது. எல்லாமே ஒரு காசு.' இனி கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"திட்டணும்னா எந்திரிச்சு வந்து திட்டு" என்றாள்.

அழுத்தவில்லை. இப்போது அழுத்தினால் குண்டூசி ஃபோனை எடுத்துப் பார்த்து, ஒரு நொடியில் கடையைச் சாத்திவிடுவான். அவன் இரண்டு கையும் வேறெங்காவது மாட்டியிருக்க வேண்டும். டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

சவப்பெட்டி வந்திருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் ஹாலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "லிஃப்ட்ல நுழையலம்மா. படியிலதான் இறக்கணும். நானும் ரெண்டு பசங்களும் இருக்கோம், இன்னொருத்தர் வேணும்."

"குண்டூசி இருக்கானே!" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவன விட்டா இவனுக்கு வேற யாரு? முன்னாடி கீழ்ப்பக்கம் நீ பிடிப்பா. உன் கைலதான் அவன் போகணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு குண்டூசி சட்டைக் கையை மடித்துவிட்டான்.

வாசலைத் தாண்டி முதல் படியில் அவன் கால் வைத்தபோது, பின்னால் வந்தவள் கைப்பைக்குள் கையை விட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

முதல் வளைவு வரைக்கும் ஒன்றுமில்லை. பெட்டியை நிமிர்த்தித் திருப்பினார்கள். பாரமெல்லாம் கீழே இருந்தவன் தோளில் இறங்கியது. அப்போது அவன் சட்டைப் பையில் சில்லறை விழுகிற சத்தம் கேட்டது. கடையில் ஒரு பொருள் போனால் கடைக்காரன் ஃபோனில் அப்படிக் கேட்கும். காசு வந்ததா சும்மா போனதா என்று அந்தச் சத்தத்துக்குத் தெரியாது. குண்டூசியின் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி வந்து போனதை அவள் பார்த்தாள். வியாபாரம் ஆகிறது என்று நினைத்திருப்பான். மறுபடி சில்லறை. மறுபடி. பிறகு இடைவெளியே இல்லை. யாரோ ஒரு உண்டியலை உடைத்துப் படியில் கவிழ்த்த மாதிரி அவன் நெஞ்சிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

"யாருப்பா அது? சாவுல வந்து ஃபோன அணைச்சு வைக்க மாட்டாங்களா?" என்றார் கீழ் வீட்டுக்காரர், கதவைத் திறந்து.

"டேய், அதை அணைச்சுத் தொலை" என்றாள் சித்தி மேலேயிருந்து.

"கை... கை ஒழியல சித்தி." வியர்வை அவன் கண்ணில் இறங்கியது. "அண்ணே, ஒரு நிமிஷம் இறக்கி வைக்கலாமாண்ணே?"

"படியில எங்கப்பா இறக்கி வைக்கறது? நட!"

"வேற யாராவது மாத்திப் பிடிங்களேன். ஒரே நிமிஷம்ணே. என் பையில ஃபோன் இருக்கு, யாராவது எடுத்து என் கண்ணு முன்னாடி காட்டுங்க—"

"உனக்கு என்னடா ஆச்சு?" அவளுடைய வீட்டுக்காரர் சாதாரணமாகக் குரல் உயர்த்தாத மனுஷன். "நீ தூக்கிட்டிருக்கறது யாருன்னு தெரியுதா? இப்ப ஃபோனா முக்கியம்?"

அக்கா ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் கிடங்கில் ஒரு பெட்டி காலியாகிறது என்று நினைத்துக்கொண்டாள். விளக்குப் பெட்டி, கயிற்றுப் பெட்டி, ஆணிப் பெட்டி. நெஞ்சு குளிர்ந்தது. செத்த வீட்டில் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. வரட்டும், நன்றாக வரட்டும், காலையிலிருந்து அவளுக்கு இது ஒன்றாவது வேண்டியிருந்தது. தம்பியின் பெட்டி சுவரில் இடிக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டாள்.

கீழே வண்டியில் பெட்டியை ஏற்றினார்கள். குண்டூசி கையை உதறிப் பைக்குள் விடுவதற்குள் அக்கா அவன் முதுகில் கை வைத்தாள். "ஏறு. நீ இல்லாம எப்படி?" சித்தி ஏறினாள், அவன் ஏறினான், அக்கா ஏறினாள். கதவு மூடியது. பெட்டிக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவர்கள் இருவரும்.

வண்டி நகர்ந்தபோது சத்தம் நின்றுவிட்டிருந்தது.

அவன் ஃபோனை எடுத்துப் பார்த்தான். விரலால் தள்ளினான். தள்ளிக்கொண்டே போனான். கிடங்கில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து அவள் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கா... நீங்களா?"

"எதக் கேக்கறே?" என்றாள். கண்ணை எடுக்கவில்லை. "சொல்லு. என்ன போச்சு? யாரோடது போச்சு? இவன் முன்னாடியே சொல்லு, கேட்டுக்கட்டும்."

சித்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் உதடு அசைந்தது. பெட்டியின் மூடியைப் பார்த்தான். "ஒண்ணுமில்லக்கா" என்றான். சொல்லி முடிப்பதற்குள் முகம் கோணியது. அழுகை வந்துவிட்டது. ஹாலில் அழுத அழுகை இல்லை. சத்தமில்லாமல் தோள் குலுங்குகிற அழுகை.

"அழுப்பா, அழுதுடு. உள்ள அடக்கி வைக்காதே" என்று சித்தி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வண்டி ஒரு திருப்பத்தில் வேகமாக வளைந்தது. பெட்டி அவன் பக்கமாக நகர்ந்தது. அவன் சட்டென்று கையை நீட்டி அதைத் தாங்கினான்.

"கைய எடு" என்றாள் அக்கா. "நான் பிடிச்சுக்கறேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் எட்டி இரண்டு கையாலும் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.