ஐந்து இதழ்

அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று மங்களத்தால் இன்றுவரை அடித்துச் சொல்ல முடியவில்லை. அன்று மழை என்பாள் ஒருமுறை. மழை மறுநாள்தான் என்று அடுத்தமுறை திருத்துவாள். அவள் வாய்ச்சொல்லை நம்பி எழுதியது இது. கிழமையில் பிழை இருக்கலாம். மற்றதில் இல்லை.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் வானம் வெளுக்கும் முன்பே 'வெண்ணுரை' சோப்புப் பட்டறையில் விளக்கு எரியும். இப்ராஹீம் தேங்காய் எண்ணெயில் காரத் தண்ணீரை ஊற்றித் துழாவுவான். அதன் நெடி மூக்கின் உள்தோலை உரிக்கும். முந்தின வாரம் இறுகிய பாளங்களை மங்களமும் பவித்ராவும் கம்பியால் இழுத்து வெட்டுவார்கள். நூறு கட்டி வெட்டினால் தோள்பட்டை கல்லாகிவிடும். ஹஸீனா பெட்டியில் அடுக்குவாள்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு. வெட்டியவரின் படம், கீழே பேனாவால் அவரே போட்ட கையெழுத்து. பெட்டியின் மேல், தொழிலாளரை நியாயமாக நடத்துகிறார்கள் என்று சான்று சொல்லும் நியாய வணிக முத்திரை. வாங்குகிறவர்கள் அதற்காகவே வாங்கினார்கள். பட்டறையில் வருகைப் பதிவேடு கிடையாது; "சீட்டே போதும், எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்பாள் முதலாளி தாரணி. தன்னை மேடம் என்று கூப்பிடக் கூடாது என்பாள். தொடங்கிய புதிதில் தரையில் உட்கார்ந்து அவளும் சோப்பு வெட்டியவள். அந்த ஒன்றுக்காகவே மங்களம் அவளை வீட்டுப் பெண்ணாக நினைத்திருந்தாள்.

பவித்ராவின் படம்தான் அதிகம் விற்றது. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து தெம்பனிஸில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெண், இருபத்திரண்டு வயது. கையெழுத்துக்குப் பக்கத்தில் நான்கு இதழ் வைத்து ஒரு பூ வரைவாள்.

மங்களத்துக்குக் கிழமை மறந்த அந்தக் காலையில் காரத் தண்ணீர் வாளியின் பிடி கழன்றது. விழாமல் பிடிக்கக் கை நீட்டினாள் பவித்ரா. மணிக்கட்டோடு முடிகிற மெல்லிய கையுறைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

"வழவழன்னு இருக்குக்கா, ஒண்ணுமில்ல," என்றாள். அடுத்த நொடி அலறினாள்.

குழாயடியில் வெகுநேரம் கையைப் பிடித்திருந்தார்கள். தாரணி ஓடி வந்து தன் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனாள். டாக்டரிடம் அல்ல, அறைக்கு. களிம்பு வாங்கிக் கொடுத்து, "ரெஸ்ட் எடு, சம்பளம் வரும்," என்று சொன்னாளாம். திரும்பி வந்து மங்களத்தின் தோளைத் தொட்டாள்.

"ஆண்ட்டி, பவித்ரா சீட்டுல நீங்களே சைன் போட்டுடுங்க. இல்லன்னா அவ பாக்ஸ் எல்லாம் நின்னுடும். அவளுக்குத்தான் கஷ்டம்."

மூன்று நாள் போட்டாள் மங்களம். பூவும் வரைந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதி அவளுக்கு.

அடுத்த வாரம், கட்டுப் போட்ட கையோடு பவித்ரா பட்டறைக்கு வந்தாள். இடது கையில் கம்பெனி அனுப்பிய ஒரு கடிதம். அதில் இருந்தது இது: அவள் வெள்ளிக்கிழமைவரை வேலை பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை வீட்டில் சமைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள். பிறகு சொல்லாமல் நின்றுவிட்டாள். ஆகவே வேலை பெர்மிட் ரத்து. ஆதாரம், அவள் கையெழுத்திட்ட சீட்டுகள்.

மங்களம் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

தாரணி அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அடுத்த வாரம் ஆடிட் வர்றாங்க. இந்த ஆக்சிடென்ட் வெளிய போனா நியாய வணிக முத்திரை போயிடும். முத்திரை போனா கம்பெனி இல்ல. உங்க எல்லாருக்காகவும்தானே நான் யோசிக்கணும்?"

"முழங்கை வரைக்கும் கையுறை கேட்டோம், ரெண்டு தடவை," என்றான் இப்ராஹீம். "கையுறை வரல. 'விபத்தில்லா நாட்கள்'னு போர்டு வந்துச்சு."

"அதுக்கு பூமாலை வேற," என்றாள் ஹஸீனா.

"அந்த சைன் நான் போட்டதும்மா. நீதானே சொன்ன?" என்றாள் மங்களம்.

தாரணி அவளைப் பார்த்த பார்வையில் வீட்டுப் பெண் இல்லை.

"நான் சொன்னதுக்கு சாட்சி இருக்கா? அடுத்தவங்க சைனை நீங்க போட்டீங்கன்னா அதுக்கு பேர் ஃபோர்ஜரி, ஆண்ட்டி. யோசிச்சுப் பேசுங்க."

அந்த 'ஆண்ட்டி' மட்டும் பழைய குரலில் இருந்தது. அதுதான் அறுத்தது. மங்களம் யோசித்தாள். பவித்ராவின் பூவையும் தன் பூவையும் யோசித்தாள். மங்களத்தின் கை பழக்கத்தில் ஐந்து இதழ்தான் போடும்.

"ஃபோர்ஜரிதான்," என்றாள் கடைசியில். "அதையே போய் சொல்றேன்."

"நீங்க மட்டும் என்ன போறது? நாங்களும் வர்றோம் லா," என்றாள் ஹஸீனா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நால்வரும் லிட்டில் இந்தியாவில் வெண்ணுரை விற்கும் கடைக்குப் போனார்கள். 'மனசாட்சியோடு வாங்குங்கள்' என்ற பலகையின் கீழ் வெண்ணுரைப் பெட்டிகள். தாங்கள் வெட்டிய சோப்பைத் தாங்களே காசு கொடுத்து வாங்குவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. பவித்ராவின் படம் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். நான்கு இதழ். நான்கு இதழ். ஐந்து. ஐந்து வந்ததைத் தனியே எடுத்து வைத்தார்கள்.

"ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் உண்டான்னு கேளுங்க," என்றாள் ஹஸீனா. பவித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக.

கல்லாவிலிருந்த பெண், சட்டையில் ரக்ஷனா என்று பெயர் குத்தியிருந்தவள், பெட்டிகளைப் பைக்குள் போட்டாள்.

"நல்ல சாய்ஸ் ஆண்ட்டி. இதை செய்யறவங்கள ரொம்ப நல்லா பாத்துக்கறாங்களாம்."

பவித்ரா கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தாள். ரக்ஷனா கையைப் பார்த்தாள், பெட்டியிலிருந்த முகத்தைப் பார்த்தாள், மங்களம் பூவின் இதழ்களை எண்ணிக் காட்டியதும் மெதுவாகப் பின்பக்க இருப்பு அலமாரிக்குப் போய் மீதி ஐந்து இதழ்ப் பெட்டிகளையும் தேடி எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை மனிதவள அமைச்சு அலுவலகத்தில் பெட்டிகள் வரிசையாக நின்றன. என்றைக்குப் போட்ட கையெழுத்து என்று அதிகாரி கேட்டார். கிழமை நினைவில்லை என்றாள் மங்களம். பெட்டியின் அடியில், அடைத்த தேதி அச்சாகியிருந்தது. மங்களம் ஒரு வெற்றுத்தாள் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே பவித்ராவின் பெயரை எழுதி, ஐந்து இதழ் வரைந்தாள்.

விசாரணை இன்னும் முடியவில்லை. பவித்ரா ஈப்போவுக்குப் போகவில்லை. வழக்கு முடியும்வரை தங்க அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டு விரல்கள் மடங்குவதில்லை; இடது கையால் எழுதிப் பழகுகிறாள். மங்களத்துக்கு வேலை போயிற்று. கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு அவளும் பதில் சொல்லியாக வேண்டும். தாரணியின் முத்திரை புதுப்பிக்கப்படவுமில்லை, பறிக்கப்படவுமில்லை. இப்ராஹீமும் ஹஸீனாவும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். முழங்கைவரை கையுறை வரும்வரை எந்தச் சீட்டிலும் கையெழுத்தில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் போடுவதில்லை. வெண்ணுரைப் பெட்டிகள் இப்போது பெயரில்லாமல் கடைக்குப் போகின்றன.