ஜிக்குப்பூச்சி

மாநாட்டு அரங்கில் ஏசி உயிரை எடுத்தது. வருடம் தவறாமல் உளவியல்காரர்கள் கூடிப் பயத்தைப் பற்றி விளாசுகிற இடம். மேடையேறினால் அவர்களில் பாதிப்பேருக்குக் கைகால் உதறும். பேராசிரியைக்கு இந்த வேடிக்கை அலுப்பதே இல்லை. இந்த முறை இரண்டு மாணவிகளைக் கூட்டி வந்திருந்தாள். ஒருத்திக்கு வாய் ஓயாது, அதனால் ரேடியோ. இன்னொருத்தி கூப்பிட்டால்கூட யோசித்துத்தான் திரும்புவாள். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் பூனை. பேசப்போவது பூனை.

"மேடம், நடுவுல மறந்துட்டா?"

"மறந்தா தண்ணி குடி. தண்ணி குடிக்கிறவளை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவளை மேடைக்குத் தள்ளிவிட்டு நேரம் பார்த்தாள். மணிக்கட்டில் மகளின் கடிகாரம். நேற்று ரயிலுக்குக் கிளம்பும்போது மகளே கழற்றிக் கட்டிவிட்டாள். "எனக்கெதுக்கும்மா, நீயே வெச்சுக்க." படிப்பை முடித்து வேலை தேடி அலைந்து, மாதக்கணக்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெண். இந்த வாரம்தான் சிரித்த முகமாக வளைய வந்தாள். பெற்றவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பூனை மாலை வேளைகளில் ஒரு தொலைபேசி ஆலோசனை மையத்தில் தன்னார்வலர். பெயர் சொல்லாமலே யாரும் அழைக்கலாம். அப்படி அழைத்த ஒருவரின் அனுமதியோடு அவரைப் பற்றித்தான் கட்டுரை எழுதியிருந்தாள். ஆளை மறைக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தது பேராசிரியைதான். "வயசை மாத்து, வேலையை மாத்து, பொம்பளைய ஆம்பளையாக்கு. அவங்க சொன்ன வார்த்தையில மட்டும் கை வைக்காதே. ஆளே அதுலதான் இருக்கு."

பூனை அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்தாள். கட்டுரை ரயிலில்தான் முடிந்தது; பேராசிரியை அதை இன்னும் படிக்கவில்லை.

"நாற்பது வயது. கடை வைத்திருப்பவர்," என்று தொடங்கினாள். "மூச்சை முட்டும் அந்தப் பயத்துக்கு அவரே ஒரு பெயர் வைத்திருந்தார். ஜிக்குப்பூச்சி."

அரங்கு சிரித்தது. ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. அது எந்த அகராதியிலும் இல்லாத சொல். ஒரு நாள் மின்சாரம் போனபோது, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, உள்ள ஜிக்குப்பூச்சி" என்று சின்னக் குழந்தையாயிருந்த மகள் ஓடிவந்து மடியில் ஏறிய அன்று பிறந்தது. வீட்டுச் சுவரைத் தாண்டியதே இல்லை. எல்லா வீட்டிலும் குழந்தைகள் உண்டு, எல்லாக் குழந்தையும் எதையாவது உளறும் என்று மனம் சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தது.

"கடைசி அழைப்பில் பெரிய முன்னேற்றம்," என்றாள் பூனை. "'ஜிக்குப்பூச்சி போயிடுச்சு. இப்ப எதுவுமே இல்ல, நிம்மதியா இருக்கு' என்றார். ஆசையாக வைத்திருந்த பொருட்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். மனம் தெளிந்ததன் அடையாளமாக இதைக் கருதுகிறேன்."

முன்வரிசையில் யாரோ தலையாட்டினார்கள். பேராசிரியைக்குப் புரிந்துவிட்டது. அது மனத்தெளிவு அல்ல. சாவதென்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு வரும் அமைதி. அந்தப் பாடத்தையும் அவள்தான் நடத்தினாள். பூனை அன்று காய்ச்சலில் கிடந்து வகுப்புக்கு வரவில்லை. கடிகாரம் கையில் நெருப்பாகச் சுட்டது.

எழுந்தாள். யாருடைய பையோ காலை இடறியது. மேடையில் பூனையின் குரல் பாதியில் நின்றதைக் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடினாள்.

மகளின் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. கீழ்வீட்டுக்காரிக்குப் போட்டாள்.

"அக்கா, மாடிக்கு ஓடுங்க. கதவைத் தட்டுங்க, திறக்கலைன்னா உடைங்க."

"என்னம்மா ஆச்சு?"

"உங்க கால்ல விழறேன், போங்கக்கா!"

மீண்டும் மகளுக்கு. ஊரார் பிள்ளைகளையெல்லாம் வாய் திறக்க வைத்தவள், சொந்தப் பெண்ணிடம் இத்தனை மாதமாகக் கேட்டது ஒரே கேள்விதான்: வேலை என்னாச்சு? யாரென்றே தெரியாத ஒரு குரலிடம் போய்ப் பேசியிருக்கிறது குழந்தை.

பூனை அழுதுகொண்டே வெளியே வந்தாள். "மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்? பாதியில எழுந்து வந்துட்டீங்க..."

அந்தச் சமயம் மறுமுனையில் போனை எடுத்தார்கள்.

"சொல்லும்மா." மகளின் குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை.

இந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பாடம் எடுத்தவள். கேட்டது அதில் எதிலும் இல்லாதது.

"கண்ணு... ஜிக்குப்பூச்சி எங்கடி?"

பூனையின் முகம் வெளிறியது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் தடதடவென்று கதவை இடிக்கும் ஓசை.

"அம்மா, யாரோ கதவை உடைக்கிறாங்க." அந்தக் குரல் இப்போது நடுங்கியது. "அம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படு தங்கம்," என்று வாய்விட்டு அழுதாள் பேராசிரியை. "நல்லாப் பயப்படு. கீழ்வீட்டுப் பெரியம்மாதான், கதவைத் திற. போனை வைக்காதே. அம்மா வந்துக்கிட்டே இருக்கேன்."