வலி: பூஜ்யம்

காலை எட்டு மணிக்கு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எட்டரைக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தோம். அங்கே அவசரம் என்பது வாசல் பலகையோடு முடிந்துவிட்டது. தாழ்வாரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் கொடுத்தார்கள். அதில் தூக்கிக் கிடத்தும்போது அப்பா பல்லைக் கடித்தார். நான் கார் ஓட்டிய லட்சணத்துக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா முப்பது வருஷம் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் இருந்தவர். மறதி நோய் வந்தபின் என் பெயர், என் முகம், சாப்பிட்டது, சாப்பிடாதது எல்லாம் போய்விட்டன. மரியாதை மட்டும் போகவில்லை. படுத்தபடியே போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உள்ள பெட் எதுவும் காலி இல்லைங்க" என்றார் நர்ஸ்.

"சீசன்ல அப்படித்தாம்மா. நானும் இதையேதான் சொல்லுவேன்" என்று அப்பா அவருக்கு ஆறுதல் சொன்னார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் தாளோடு வருவார்.

"ஐயா, வலி எவ்ளோ இருக்கு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்லம்மா. நீங்க சாப்டீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே பூஜ்யம் போடுவார். "எங்கப்பாவுக்குக் குறை கேட்டுத்தான் பழக்கம் சிஸ்டர், சொல்லிப் பழக்கமில்ல" என்று நானும் ஒரு போடு போட்டேன். தாழ்வாரமே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் போனார்கள். பூஜ்யத்துக்கு என்ன அவசரம் என்று பெருந்தன்மையோடு ஒதுங்கி நின்றேன்.

மாலை ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் துணியைத்தான் பார்ப்பாள். அப்பாவின் போர்வையைச் சரிசெய்யப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஏன்டா, பேண்ட்ல இடது கால் மட்டும் பாதத்தை மூடுது?"

"நீ தெச்ச அழகு அப்படி."

அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒரே அளவுடா. நான் வெட்டினது." இரண்டு குதிகாலையும் உற்றுப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று நேராக இல்லை. இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

அவள் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்தார். பாதத்தை லேசாகத் தொட்டார்.

அப்பா அலறினார். நாற்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்டிராத குரல் அது. தாழ்வாரம் மொத்தமும் அடங்கிப்போனது. வியர்த்து வழிகிற முகத்தோடு அப்பா டாக்டரைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க சார்" என்றார்.

"இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. எவ்ளோ நேரமா இப்படி?" நர்ஸ் தாளை நீட்டினார். ஐந்து பூஜ்யங்கள், வரிசையாக.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உன்னையே யாருன்னு கேக்கற மனுஷன்டா. வலிக்கலன்னு சொன்னா அத மட்டும் எப்படிடா நம்பின?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். நர்ஸின் பேனா ஆறாவது கட்டத்தின் மேல் நின்றது.

"பத்து" என்றேன். "காலைலேர்ந்தே பத்து, சிஸ்டர்."